டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்ற பெயரைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருபவை யாவை? தேவதாசி முறை ஒழிப்பு, அவ்வை இல்லம், சட்டமன்றத்தின் முதல் பெண் துணைத்தலைவர். இம்மூன்றையும் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் பெற்று விடுகிறோம். ஆனால் அறுபது வயதைக் கடந்து, மற்றவர்கள் ஓய்வெடுக்கும் பருவத்தில் அவர் தொடங்கிய பணி ஒன்று உண்டு. அதைப் பற்றி நம் பாடநூல்கள் ஓரிரு வரிகளோடு நின்று விடுகின்றன. அந்தப் பணியைச் சற்று விரிவாக எழுத வேண்டும் என்பதே எங்கள் ஆவல். அது புற்றுநோய் பற்றியது. அதிலும் பெண்கள் வாய்விட்டுச் சொல்லக் கூசும் நோய்களைப் பற்றியது. நம் பள்ளி மலரை அன்னையரும் பாட்டிமாரும் படிக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தோம்.

1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் முத்துலட்சுமி பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாயார் சந்திரம்மாள், இசை வேளாளர் குலத்தில் பிறந்தவர். இந்தத் திருமணத்தைத் தந்தையின் உறவினர் ஏற்கவில்லை. ஆகவே இரு பக்கத்து ஏளனத்தையும் சிறுவயதிலேயே பார்த்து வளர்ந்த பெண் அவர்.

பால் கணக்கும் சலவைக் கணக்கும் எழுதத் தெரிந்தால் பெண்ணுக்குப் போதும் என்று எண்ணிய காலம் அது. பெண் வயதுக்கு வந்துவிட்டால் பள்ளி வாசலை மறந்துவிட வேண்டியதுதான். முத்துலட்சுமியும் பதின்மூன்று வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டார். எனினும் தந்தை அவரைக் கைவிடவில்லை. வீட்டிலேயே பாடம் நடந்தது. தனித்தேர்வராக எழுதி மெட்ரிகுலேஷனில் தேறினார். திருமணப் பேச்சு எழுந்தபோதெல்லாம் மறுத்தார்.

அடுத்தது கல்லூரி. புதுக்கோட்டையில் இருந்ததோ ஆண்கள் கல்லூரி ஒன்றுதான். அங்கு ஒரு பெண் விண்ணப்பித்ததும் ஊரே கொதித்தது. இவள் வந்தால் பையன்களின் ஒழுக்கம் கெடும் என்றார்கள். தாயின் குலத்தைச் சொல்லியும் இழித்துப் பேசினார்கள். அப்போது சமஸ்தானத்தை ஆண்ட மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் மன்னர் தலையிட்டு, அப்பெண்ணைச் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டார். அக்கல்லூரியில் அடியெடுத்து வைத்த முதல் மாணவி முத்துலட்சுமிதான். இன்று நம் பள்ளியில் பையன்களே இல்லை என்று நம்மில் சிலர் குறைப்பட்டுக் கொள்வதுண்டு. ஒரு கல்லூரி முழுவதும் பையன்களாக இருக்க, தன்னந்தனியாக அமர்ந்து படித்த அந்தப் பெண்ணை எண்ணிப் பார்ப்போம்.

1907ஆம் ஆண்டு அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும. இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் இவரே என்று பலர் எழுதுகிறார்கள், பேச்சுப் போட்டிகளிலும் சொல்கிறார்கள். அது சரியன்று. இவர் பிறந்த அதே 1886ஆம் ஆண்டில் ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்றுவிட்டார். சென்னை மருத்துவக் கல்லூரியும் 1875இலேயே பெண்களுக்குக் கதவைத் திறந்திருந்தது. முத்துலட்சுமி அம்மையாரின் பெருமைக்கு இல்லாத சிறப்பைச் சேர்க்கத் தேவையில்லை, இருப்பதே ஏராளம். அறுவைச் சிகிச்சை பெண்களுக்கு ஒத்துவராது என்று கருதப்பட்ட நாளில் அந்தப் பாடத்திலேயே முதன்மை பெற்று, 1912இல் பட்டம் பெற்றார். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாகப் பணியாற்றினார்.

பெண் மருத்துவர் ஒருவர் இருப்பதும் இல்லாததும் அந்நாளில் உயிர்ப்பிரச்சினையாகவே இருந்தது. ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டுவதைவிடச் சாவதே மேல் என்று எண்ணிய பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். கணவனோ மாமியாரோ திரைக்கு இப்பால் நின்று நோயைச் சொல்ல, மருத்துவர் ஊகித்து மருந்து கொடுப்பது வழக்கம். அப்படிப்பட்ட வீடுகளுக்குள் முத்துலட்சுமி அம்மையாரால் நேரே செல்ல முடிந்தது. பெண்கள் தம் நோயை எவ்வளவு காலம் மறைத்து வைக்கிறார்கள், எந்த நிலையில் காட்டுகிறார்கள் என்பதை அவர் அங்கேதான் கண்டறிந்திருப்பார் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் பணிக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே உறுதி பெற்றுக்கொண்டு மணந்தார் என்பார்கள். ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என இரு புதல்வர்கள் பிறந்தனர். மருத்துவத் தொழில் நன்றாக நடந்தது. குடும்பம் நிறைவாக இருந்தது. இப்படியே இருந்திருந்தால் அவரைச் சென்னையின் பெயர்பெற்ற மருத்துவர்களுள் ஒருவராக மட்டுமே வரலாறு எழுதியிருக்கும்.

1923ஆம் ஆண்டு அவருடைய தங்கை நோயுற்றார். முதலில் அது சீதபேதி என்றே எண்ணி மருந்து கொடுத்தார்கள். நோய் குறையவில்லை. உண்மையில் அது மலக்குடலில் உண்டான புற்றுநோய். அது தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. இளம் வயதிலேயே அத்தங்கை அளவற்ற வேதனைப்பட்டு, அக்காவின் கண்முன்னே உயிர் நீத்தார்.

தோழியரே, இந்த இடத்தில் நாங்கள் நெடுநேரம் நின்றோம். அக்கா ஒரு மருத்துவர். அறுவைச் சிகிச்சையில் தேர்ந்தவர். நகரத்தில் அவருக்குத் தெரியாத மருத்துவர் இல்லை. கல்வி, செல்வாக்கு எல்லாம் இருந்தும் அந்த வீட்டில் நோயை நேரத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்படியானால் கல்வியும் காசும் இல்லாத ஒரு கிராமத்துப் பெண்ணின் கதி என்ன? தங்கையின் மரணத்துக்குப் பின் அம்மையாரை விடாமல் துரத்திய கேள்வி இதுவாகத்தான் இருந்திருக்கும். ஏனெனில் அதன்பின் அவர் செய்தவை அனைத்தும் அதற்கு விடை தேடியவை போலவே இருக்கின்றன.

1925இல் பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றி மேற்படிப்புப் படிக்க அரசின் உதவியுடன் இங்கிலாந்து சென்றார். லண்டன் நகரில் 1851ஆம் ஆண்டிலேயே புற்றுநோய்க்கென்று ஒரு தனி மருத்துவமனை தொடங்கப்பட்டிருந்தது. அதை நிறுவிய வில்லியம் மார்ஸ்டன் என்ற மருத்துவர் தம் மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். இந்தியாவிலோ அப்போது அப்படி ஒரு மருத்துவமனைகூட இல்லை. பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனை பின்னர் 1941இல் திறக்கப்பட்டது. அதன் பின்னணியிலும் ஒரு துயரம் உண்டு. தொராப்ஜி டாட்டாவின் துணைவியார் மெஹர்பாய் இரத்தப் புற்றுநோயால் இறந்தார், அவர் நினைவே அம்மருத்துவமனைக்கு வித்தாயிற்று.

தாயகம் திரும்பிய அம்மையாருக்கு வேறு பொறுப்புகள் காத்திருந்தன. இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் அவர் சென்னைச் சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் பெண்மணி அவரே. 1927இல் அவையின் துணைத்தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் தொடுத்த போர் தனிக் கட்டுரைக்கு உரியது. அன்று அவர் கொண்டுவந்த முயற்சி பல தடைகளைத் தாண்டி 1947இல் முழுமையான சட்டமாயிற்று. பள்ளி மாணவியர்க்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று அவையில் வாதாடியவரும் அவரே. காந்தியடிகள் சிறைப்பட்டபோது 1930இல் பதவியைத் துறந்தார். அதே ஆண்டு, ஆதரவற்று வந்த பெண்களை விடுதிகள் சேர்க்க மறுத்ததால், தம் வீட்டிலேயே அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். இவற்றைப் பாடநூலில் விரிவாகக் காணலாம்.

இனி நம் பொருளுக்கு வருவோம்.

1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடந்தது. அந்த மேடையில் அம்மையார், தமிழகத்துக்குப் புற்றுநோய் மருத்துவமனை ஒன்று வேண்டும் என்ற கோரிக்கையை வைத்தார். அரசுப் பொது மருத்துவமனையில் 1934இல் பர்னார்டு கதிரியல் நிலையம் திறக்கப்பட்டிருந்தது உண்மை. ஆயினும் நோயைக் கண்டறிதல், அறுவை, கதிர்வீச்சு, தொடர்ந்து கவனித்தல் ஆகிய யாவும் ஒரே இடத்தில் கிடைக்கும் தனி மருத்துவமனையே அவர் கேட்டது.

கேட்டவர்கள் கைதட்டினார்கள். பிறகு மறந்தார்கள். உலகப் போர் வந்தது, நாட்டு விடுதலை வந்தது. ஆட்சி மாறியும் அம்மையாரின் கோரிக்கைக்குக் கிடைத்த விடை மாறவில்லை. புற்றுநோய் வந்தவர் எப்படியும் சாகப் போகிறவர்தாமே, அவருக்கு மருத்துவமனை எதற்கு என்ற எண்ணமே அதிகாரத்தில் இருந்தவர்களிடமும் இருந்தது. காசநோய்க்கும் மலேரியாவுக்கும் பணம் வேண்டியிருக்கும்போது பிழைக்காத நோய்க்குச் செலவிடுவானேன் என்று கேட்டார்கள். அந்த வாதத்தை முற்றிலும் மூடத்தனம் என்று தள்ளிவிட முடியாது. அன்று மருத்துவமனைக்கு வந்த புற்றுநோயாளிகளில் மிகப் பலர் இறக்கவே செய்தார்கள். ஆனால் அவர்கள் இறந்தது முற்றிய நிலையில் வந்ததால். முற்றிய நிலையில் வந்தது, முன்னரே போவதற்கு ஓர் இடம் இல்லாததால். இடம் இல்லாததற்குக் காரணம், எப்படியும் இறப்பார்கள் என்ற நம்பிக்கை. செக்கு மாடு போல் சுற்றிச் சுற்றி வரும் இந்த வாதத்தை எங்கேயாவது ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும் அல்லவா?

அரசு செய்யாததை மாதர் சங்கம் செய்யட்டும் என்று துணிந்தார் அம்மையார். 1949இல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது அறுபத்து மூன்று. செல்வர்களையும் எளியவர்களையும் கண்டு நன்கொடை திரட்டினார். தம் இளைய மகன் கிருஷ்ணமூர்த்தியையும் இப்பணிக்கே ஒப்படைத்தார். அவர் மருத்துவம் கற்று, வெளிநாடு சென்று புற்றுநோய்ச் சிகிச்சையில் பயிற்சி பெற்றுத் திரும்பினார். நல்ல வருவாய் வரும் தொழிலுக்கு மகனை அனுப்பத் துடிக்கும் தாய்மார் மலிந்த உலகில், கட்டடமே இல்லாத மருத்துவமனைக்கு மகனை அழைத்த தாய் இவர்.

அடையாற்றில் நிலம் கிடைத்தது. 1952 அக்டோபர் 10ஆம் நாள் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள் மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. பன்னிரண்டே படுக்கைகள். சிறிய கட்டடம். மருத்துவர்களையும் செவிலியரையும் ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். தென்னிந்தியாவில் புற்றுநோய்க்கென்றே எழுந்த முதல் தனி மருத்துவமனை இப்படித்தான் பிறந்தது. அம்மையாருக்கு அப்போது அறுபத்தெட்டாவது வயது நடந்துகொண்டிருந்தது. தங்கை இறந்து முப்பத்தோர் ஆண்டுகள் சென்றிருந்தன.

அடுத்த ஆண்டு, 1955 ஏப்ரலில், ஓர் இளம் பெண் மருத்துவர் அங்கு வந்து சேர்ந்தார். அவர் பெயர் சாந்தா. அரசு மகளிர் மருத்துவமனையில் நிலையான வேலை கைக்கு எட்டியிருந்தும் அதை வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தவர். அவர் வீட்டாரும் நண்பர்களும் எவ்வளவு அதிர்ந்திருப்பார்கள் என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம். இன்றும் அரசு வேலையை விடுகிறேன் என்று ஒரு பெண் சொன்னால் வீடு இரண்டுபடும்! டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் சேர்ந்து அந்தப் பன்னிரண்டு படுக்கைகளைப் பெரிய மருத்துவமனையாக வளர்த்த கதை நீண்டது. 1950களின் பிற்பகுதியில் கனடாவிலிருந்து கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி நன்கொடையாக வந்தபோது, இந்நாட்டில் அத்தகைய கருவி கிடைப்பதே அரிதாக இருந்தது.

அங்கு வந்த பெண்கள் எப்படிப்பட்டவர்கள்? கருப்பை வாயிலும் வாயிலும் மார்பகத்திலும் புற்று வந்தவர்களே மிகுதி. பெரும்பாலோர் ஏழைகள். பற்றுப் போட்டும் மந்திரித்தும் பார்த்துவிட்டு, புண் வெளியே தெரிந்து நாற்றம் எடுத்த பின்னரே வந்தார்கள். சிலரை வீட்டார் தொடவும் அஞ்சினார்கள், தொற்றிக்கொள்ளும் என்று. புற்றுநோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது என்பதை அங்குள்ளவர்கள் ஓயாமல் சொல்ல வேண்டியிருந்தது. பணம் இல்லை என்பதற்காக எவரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது தொடக்கம் முதலே அம்மருத்துவமனையின் கொள்கை. இன்றும் அங்கு வருவோரில் பெரும் பகுதியினர் இலவசமாகவோ குறைந்த செலவிலோ சிகிச்சை பெறுகிறார்கள்.

மார்பகப் புற்றுநோயைப் பற்றி மட்டும் சற்றுக் கூடுதலாகச் சொல்ல விரும்புகிறோம். இந்தச் சொல் வகுப்பறையில் ஒலித்தால் தலைகள் குனிகின்றன. வீட்டில் ஒலித்தால் பேச்சு மாறிவிடுகிறது. ஆனால் இன்று இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுதான். முன்பு கருப்பை வாய்ப் புற்றுநோயே முதலிடத்தில் இருந்தது. சென்னையில் யாருக்கு எந்தப் புற்றுநோய் வருகிறது என்பதை 1980களின் தொடக்கத்திலிருந்து அடையாறு மருத்துவமனை பதிவேட்டில் குறித்து வருகிறது. அந்தப் பதிவேடுதான் இந்த மாற்றத்தை நமக்குக் காட்டியது. அம்மையார் காலத்தில் இப்படி ஒரு கணக்கே கிடையாது. எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று தெரியாதபோது எவரும் கவலைப்படுவதும் இல்லை.

மார்பகத்தில் உண்டாகும் புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காததுதான் அதன் வஞ்சகம். வலித்தால் நம் தாய்மார் ஒருவேளை மருத்துவரிடம் போவார்கள். வலிக்கவில்லை என்பதால், ஒன்றுமில்லை போலும் என்று விட்டுவிடுகிறார்கள். மார்பகத்திலோ அக்குளிலோ புதிதாகக் கட்டி தட்டுப்படுதல், தோல் ஆரஞ்சுப் பழத் தோல் போலத் தடித்தோ குழிந்தோ போதல், காம்பு உள்ளிழுத்துக் கொள்ளுதல், காம்பிலிருந்து இரத்தமோ நீரோ கசிதல், ஒரு பக்கத்தின் வடிவோ அளவோ திடீரென மாறுதல் ஆகியவை காணப்பட்டால் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். காட்டிய பிறகு அது சாதாரணக் கட்டி என்று தெரிய வந்தால் மகிழ்ச்சியோடு வீடு திரும்பலாம். உண்மையில் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. அதிலும் நம் வயதுப் பெண்களுக்குத் தோன்றுபவை ஏறத்தாழ எல்லாமே தீங்கற்றவை. ஆகவே இதைப் படித்துவிட்டு எவரும் இரவெல்லாம் அழ வேண்டாம். அம்மாவிடம் சொன்னால் போதும்.

ஏன் வருகிறது என்பதற்கு ஒரே காரணத்தைச் சுட்ட முடியாது. வயது ஏற ஏற வாய்ப்பும் ஏறுகிறது. தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். ஆனால் பரம்பரைக் குறையால் நேரடியாக வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே. குடும்பத்தில் யாருக்கும் இல்லை, எனக்கு வராது என்ற நம்பிக்கைக்கு இடமில்லை. உடற்பயிற்சியும், எடையைக் கட்டுக்குள் வைப்பதும், மதுவைத் தொடாதிருப்பதும் ஆபத்தைக் குறைக்கும். குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பது குழந்தையை மட்டுமன்றித் தாயையும் ஓரளவு காக்கிறது. இவை அனைத்தையும் கடைப்பிடித்தவருக்கும் நோய் வரக்கூடும். அது அவர் செய்த பாவம் அன்று, குற்றமும் அன்று. ஆண்களுக்கும் அரிதாக வருவதுண்டு என்பதைத் தந்தையர் அறிய வேண்டும்.

சிகிச்சையும் அன்று போல் இல்லை. அறுவை ஒன்றையே நம்பிய காலம் போயிற்று. அறுவைக்கு எட்டாத அளவு வளர்ந்துவிட்ட கட்டிகளை, முதலில் மருந்தாலும் கதிர்வீச்சாலும் சுருக்கி, அதன்பின் அறுவை செய்யும் முறையில் அடையாறு மருத்துவர்கள் முன்னோடிகளாக விளங்கினார்கள். முற்றிய நிலையில் வரும் ஏழைப் பெண்களே அங்கு மிகுதி. கைவிடப்பட்டவர்கள் என்று பிறர் கருதியவர்களுக்காகவே இந்த வழி தேடப்பட்டது. தொடக்க நிலையிலேயே வருபவருக்கோ மார்பகத்தை முழுவதும் அகற்றாமல் கட்டியை மட்டும் நீக்கிக் குணப்படுத்தவும் இன்று இயலும். ஊசியால் குத்திச் சோதித்தால் நோய் பரவிவிடும் என்று சொல்லிப் பலர் சோதனைக்கே மறுக்கிறார்கள். அது வீண் அச்சம்.

இங்கே நம் பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் அன்னையர் வீட்டில் எல்லாருக்கும் நேரம் தவறாமல் மருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். தமக்கு ஒன்று என்றால் கிறிஸ்துமஸ் கழியட்டும், பொங்கல் கழியட்டும், மகளின் பொதுத்தேர்வு முடியட்டும் என்று தள்ளிப் போடுகிறார்கள். எங்கள் பொதுத்தேர்வு எந்த அம்மாவின் சிகிச்சைக்கும் தடையாக இருக்கக் கூடாது. நாங்கள் சமைத்துக் கொள்வோம். சோறு சற்றுக் குழைந்திருக்கும், அவ்வளவுதான். முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை மார்பகப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது 2016இல் அரசு வகுத்த நெறிமுறை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதைக் கேட்டுச் செய்துகொள்ளலாம். பணம் இல்லையே என்று அஞ்சுவோருக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும். அட்டை வீட்டுப் பெட்டியின் அடியில் கிடந்தால் பயனில்லை, எங்கே இருக்கிறது என்று இன்றே பார்த்து வைக்கலாமே.

வசதிகள் வந்துவிட்டன என்று நாங்கள் சொல்லவில்லை. கதிர்வீச்சுக் கருவிகள் பெருநகரங்களில்தான் மிகுதி. கூலி வேலை செய்யும் ஒரு பெண் வாரக்கணக்கில் ஊரை விட்டு வந்து தங்கிச் சிகிச்சை பெற வேண்டுமானால், பேருந்துக் கட்டணம், தங்குமிடம், துணைக்கு ஓர் ஆள், அத்தனை நாள் கூலி இழப்பு எல்லாவற்றையும் தாங்க வேண்டும். மருந்து இலவசமாகக் கிடைத்தாலும் இவை இலவசம் இல்லை. பாதியிலேயே சிகிச்சையை விட்டுச் செல்வோர் இதனால்தான் செல்கிறார்கள். அம்மையார் இன்று இருந்தால் எந்த அமைச்சரின் வாசலில் போய் நிற்பாரோ தெரியாது, நிச்சயம் யாரோ ஒருவரின் வாசலில் நின்றுகொண்டிருப்பார்.

1956இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1968 ஜூலை 22ஆம் நாள், எண்பத்திரண்டாம் பிறந்த நாளுக்கு எட்டு நாள் இருக்கையில், அம்மையார் இயற்கை எய்தினார். ஏழைக் கருவுற்ற பெண்களுக்குத் தமிழக அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் பிறந்த ஜூலை 30ஆம் நாளை மருத்துவமனை நாளாகக் கொண்டாட 2019இல் தமிழக அரசு அறிவித்தது.

பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய இடத்தில் இன்று 400க்கும் மேற்பட்ட படுக்கைகள் உள்ளன. இருபத்தெட்டு வயதில் அங்கு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, மருத்துவமனை வளாகத்திலேயே குடியிருந்து, அறுபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நோயாளிகளைப் பார்த்து, 2021 ஜனவரி 19ஆம் நாள் தம் தொண்ணூற்று மூன்றாம் வயதில் மறைந்தார்.